நானூற்றுத் தொண்ணூற்றொன்பது

குழாயின் மூடி ஒரே திருகலில் கழன்று கையோடு வந்துவிட்டது. கல்பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு அடியில் மண்டியிட்டிருந்த பிளம்பருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மழைத்தண்ணீர் வடிய வைத்த குழாய் என்றால் வெளிப்பக்கம் சரிந்து இறங்க வேண்டும். இதுவோ மேல்நோக்கி ஏறியிருந்தது. இப்படிக் குழாய் போட்டவனை அவன் அரை நாள்கூட வேலைக்கு வைத்திருக்க மாட்டான். உள்ளே விரலளவு டப்பா, அதற்குள் சுருட்டிய தாள்.

இதற்காகத்தான் அவனுடைய அக்கா நான்கு தடவை வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, வெறுங்கையோடு திரும்பியிருந்தாள்.

அக்கா முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். பயணிகள் அவளுக்கு வைத்த பெயர் பருந்து. கூடப்பிறந்த தம்பியே ஒருநாள் டிக்கெட் இல்லாமல் மாட்டியபோது, "பேர் சொல்லுங்க" என்று கேட்டு, அபராதச் சீட்டை எழுதிக் கையில் கொடுத்த மகராசி. ஓய்வு பெற்ற மறுவாரமே இந்தப் பெட்டி தேடும் கிறுக்கு அவளைப் பிடித்துக்கொண்டது.

யாரோ ஒரு பழைய இடத்தில் ஒரு டப்பாவை ஒளித்து, அந்த இடத்தைச் செல்போன் வரைபடத்தில் புள்ளியாகப் போட்டுவிடுவார்களாம். கண்டுபிடிப்பவர் உள்ளே இருக்கும் தாளில் பட்டப்பெயரை எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்க வேண்டுமாம். பரிசு ஒரு மண்ணாங்கட்டியும் கிடையாது. வேலை மெனக்கெட்டு இதற்குப் போவார்களா என்று தம்பி கேலி பேசாத நாளில்லை. அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இடிந்த கோட்டை, ஓடாத மணிக்கூண்டு, ரயில் வராத ரயில் நிலையம் என்று முழங்கால் வலியோடு ஏறி இறங்கினாள். வந்து, அந்த இடத்தின் வரலாற்றைத் தேடிப் படித்துச் சாப்பாட்டு மேசையில் அளந்தாள். இந்தப் பாலத்தின் கற்களில் கல்தச்சர்கள் ஆளுக்கொரு குறி செதுக்கியிருப்பது, தினமும் இதைக் கடந்து வேலைக்குப் போகிற தம்பிக்கு அவள் சொல்லித்தான் தெரியும்.

இதுவரை அவள் கண்டுபிடித்தது மொத்தம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பெட்டிகள். ஐநூறாவது இதுதான் என்று சபதம் போட்டிருந்தாள். இப்போது படுத்த படுக்கையாகிவிட்டாள்; இன்றைக்கோ நாளைக்கோ என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டார்.

தாளில் பருந்து என்று எழுதினான். தேதி போட்டுப் படமெடுத்துக்கொண்டு, தாளைத் திரும்ப உள்ளே வைத்து மூடிவிட்டு, ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்தான்.

மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்தவள் கண்ணாடியைக் கேட்டாள். மாட்டிவிட்டான். செல்போனை வெகுநேரம் பார்த்தாள்.

"இது உன் கையெழுத்துடா."

"உனக்காகத்தான்க்கா. ஐநூறு ஆயிடுச்சு."

"நான் எடுக்கலையே." மூச்சு வாங்கியது. "நானூத்தித் தொண்ணூத்தொம்பதுதான். போய் அதை அடிச்சுட்டு, உன் பேரை எழுதிட்டு வா."

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாகிற நேரத்திலும் இப்படியா? சரி என்று தலையாட்டிவிட்டு இங்கேயே இருங்கள் என்று மனைவி கண்ஜாடை காட்டினாள். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பான். இவளிடம் அது நடக்காது.

வாசல்படியைத் தாண்டப்போனவனைக் கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்தான்.

"எங்க இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிடாத. நான் போய்ப் பாத்துக்கறேன்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

பாலத்துக்கு வந்து மூடியைத் திருகித் தாளை எடுக்கும்போது போன் அடித்தது. மனைவிதான். என்னங்க, வந்துடுங்க என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தாள் கையிலேயே இருந்தது. பருந்து, இன்றைய தேதி. இனி யார் கேட்கப்போகிறார்கள்? அவளோடு பெட்டி தேடியவர்கள் இதைப் பார்த்தால் சந்தோஷம்தான் படுவார்கள். இருந்துவிட்டுப் போகட்டுமே. கண்டுபிடித்ததாகப் பொய்க் கணக்கு எழுதிக்கொள்ளாமலே நாலு தடவை வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவளை நினைத்தான். எப்பேர்ப்பட்டவள்! அழுகை வந்தது. அழுது முடிக்கும்வரை பேனாவைத் திறக்கவில்லை.

பிறகு பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தான். அதற்குக் கீழே தன் பெயரை எழுதி, தாளைச் சுருட்டி உள்ளே வைத்து மூடினான்.

எழுந்து நாலடி தள்ளி நின்று பார்த்தான். இரண்டு தடவை திருகியதில் மூடியின் ஓரம் தேய்ந்து பளபளவென்று தெரிந்தது. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, பளபளப்பு மறையும்வரை அதன்மேல் தேய்த்தான்.