இன்னும் ஆறு மாதம்

சிவப்பிரகாசம் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். வேலூரில் நடந்த அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். தோல் மண்டிக்காரர்கள், பீடி முதலாளிகள், அரிசி ஆலைக்காரர்கள். வேலை இல்லாதவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து வேலையும் கொடுக்க, சம்பளம் வாங்காமல் உழைக்கும் தொழிலதிபர்கள் மாநிலத்துக்குத் தேவை என்று அரசு ஒரு குழு அமைத்திருந்தது. பஸ் காசுகூடக் கிடையாது. ஆரணியில் அறுபது தறிகளுக்குப் பட்டு நூலைப் பாவாகக் கொடுத்து நெய்த புடவையை வாங்கும் சிவப்பிரகாசம் யாரும் கேட்காமலே எழுந்து நின்றார்.

"எங்க பக்கம் கூலி வேலைக்குப் போற பொம்பளைங்கள எங்கிட்ட அனுப்புங்க. ஆறு மாசத்துல பட்டு நெய்யக் கத்துக்கொடுத்து, நானே பாவும் கொடுக்கிறேன்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. 1979 ஐப்பசி அது. திரும்பும்போது கண்ணமங்கலம் வரைக்கும் மழை. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவருக்கு வலது தோள் முழுக்க நனைந்ததே தெரியவில்லை. கடையில் உட்கார்ந்து இருபது வருஷமாகச் செய்யாத ஒன்றைச் செய்துவிட்டோம் என்று இருந்தது.

தையில் பதினோரு பேர் வந்து சேர்ந்தார்கள். சேவூர் காலனியிலிருந்தும் தேவிகாபுரத்துப் பக்கமிருந்தும் வந்தவர்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள். தேவிகாபுரம் ரோட்டில் பழைய நிலக்கடலைக் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்து அங்கே நான்கு தறி போட்டார் சிவப்பிரகாசம். கற்றுக்கொடுக்க ராஜவேலுவை அமர்த்தினார். ராஜவேலு கெட்டிக்கார நெசவாளி. குடிக்கத் தண்ணீர் மட்டும் தன் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவருவார். சிவப்பிரகாசம் அதைப் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

முதலில் பருத்திப் பாவில்தான் பழக்கம். பதினோரு பேரில் கண்ணகி என்பவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அறுந்த இழையைக் கண்ணால் தேட மாட்டாள், விரலாலேயே கண்டுபிடித்து முடிந்துவிடுவாள். ஐந்தாம் மாதம் ராஜவேலு கடைக்கே வந்து சொன்னார்.

"கை வந்துடுச்சி மொதலாளி. கண்ணகி, சின்னபொண்ணு, காத்தாயி மூணு பேருக்கும் நான் சொல்லித்தர ஒண்ணுமில்ல. மத்தவங்களும் ஒரு மாசத்துல வந்துடுவாங்க. நீங்க பட்டுப் பாவு கொடுக்கலாம்."

அங்கேதான் கதவு சாத்திக்கொண்டது.

ஆரணியில் தறி இருப்பது வீட்டுக்குள். தன் நெசவாளிகளில் நெருக்கமான தனகோடியின் வீட்டில் இரண்டு தறி ஆளில்லாமல் கிடந்தன. சிவப்பிரகாசம் நேரில் போனார். தனகோடி பாய் விரித்து உட்காரவைத்து, காப்பி கொடுத்து, விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"உங்க பேச்ச நான் தட்டுனதில்லீங்க. தறிக்குப் பக்கத்துலயே சாமி மாடம் இருக்குது, ஊட்டுப் பொம்பளைங்க ஒத்துக்க மாட்டாங்க." மரியாதை குறையாமலே மேலும் சொன்னார்: "நீங்க உங்க ஊட்டுல ரெண்டு தறி போட்டு அவங்கள வெச்சிக்கினீங்கன்னா, மறுநாளே நானும் வெச்சிக்கிறேன்."

சிவப்பிரகாசத்தால் காப்பியை முழுக்கக் குடிக்க முடியவில்லை.

வீட்டில் மனைவி அபிதகுசாம்பாளிடம் அதைச் சொன்னார். அவள் சண்டை போடவில்லை. "போடுங்க, நான் இன்னா வேணான்னா சொல்றேன்? பொண்ணு கல்யாணம் முடியட்டும். போளூர்க்காரங்க ஜாதகம் வாங்கிட்டுப் போயிருக்காங்க இல்ல?" என்றாள். அவ்வளவுதான். அவருக்கும் அதற்கு மேல் கேட்கத் தைரியம் இல்லை.

வீடு வேண்டாம், கிடங்கிலேயே பட்டுப் பாவு போட்டுவிடலாம் என்று நினைத்தார். அதற்குள் வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர் வேணுகோபால் கடைக்கு வந்துவிட்டார். கூடப் படித்தவர்.

"இத பாரு, மெரட்றன்னு நெனைக்காத. அந்தக் கெடங்குல பட்டு ஏறிச்சின்னா உன் அறுபது தறியில பாதிப் பேரு பாவ எடுத்தாந்து திருப்பிக் கொடுத்துடுவாங்க. தெருவுல பேசிக்கினு இருக்காங்க. பெரிய பேஜாராப் போயிடும். பயிற்சின்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பயிற்சி கொடுத்துக்கினே இரேன், யார் கேட்கப்போறாங்க?"

அன்று மாலை சிவப்பிரகாசம் குழுவின் வேலூர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பட்டு நெசவு நுணுக்கமான தொழில் என்பதால் பயிற்சியை மேலும் ஆறு மாதம் நீட்டிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். பத்தே நாளில் பாராட்டோடு அனுமதி வந்தது. பெண்களுக்கு அரசு தரும் மாத உதவித்தொகை நிற்காமல் வரும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அது உண்மைதான். அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு அடுத்த தையிலும் ஒரு கடிதம் எழுதினார், அடுத்த ஆடியிலும் எழுதினார்.

கிடங்கில் அதே நான்கு தறிகளில் அதே பருத்தித் துணி விழுந்துகொண்டிருந்தது. வாங்க ஆளில்லாமல் மூலையில் அடுக்கிவைத்ததை எலி கடித்தது. ராஜவேலு சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார வெட்கப்பட்டு வருவதை நிறுத்திவிட்டார். கண்ணகி ஒரு தடவை கடை வாசலில் நின்று, "பட்டு எப்ப மொதலாளி?" என்று கேட்டாள். "வந்துகினே இருக்குது" என்றார். அதற்குப் பிறகு அவர் தேவிகாபுரம் பக்கம் போக வேண்டியிருந்தால் இரண்டு மைல் சுற்றிக்கொண்டு போனார்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் வேலூருக்குப் போய் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார். குழுவைக் கவனிக்கும் அதிகாரி சிரித்துவிட்டார்.

"நீங்க விலகினா எப்படி சார்? கூட்டத்துல எழுந்து நின்னவங்கள்ல முக்கால்வாசிப் பேர் ஆரம்பிக்கவே இல்ல. உங்க சென்டர் ஒண்ணுதான் இன்னும் நடக்குது. நீங்க போயிட்டா அதை மூடிடுவாங்க. அந்தப் பதினோரு பேருக்கு மாசம் வர்றதும் நின்னுடும். பரவாயில்லையா?"

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். உள்ளே இருந்தால் ஒரு பொய், வெளியே வந்தால் பதினோரு பேர் பிழைப்பில் மண்.

1982 தொடக்கத்தில் சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பயிற்சிக் கூடத்தைப் பார்க்க வந்தார். கிடங்குக்குச் சுண்ணாம்பு அடித்து, வாழைமரம் கட்டினார்கள். வேணுகோபால் மாலையோடு வந்திருந்தார். அதிகாரி கண்ணகியின் தறி அருகே நின்றார்.

"எவ்வளவு நாளா கத்துக்கறீங்க?"

"ரெண்டு வருஷமாங்க."

"ரெண்டு வருஷமா? இன்னும் கை வரலியா?"

கண்ணகி நூல் ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தாள். "அஞ்சாம் மாசமே வந்துடுச்சிங்க. அதுக்கப்புறம் இன்னா கத்துக்கினு இருக்கோம்னு அவரத்தான் கேக்கணும்."

எல்லோரும் சிவப்பிரகாசத்தைப் பார்த்தார்கள். பட்டு நுணுக்கமான தொழில் என்று மூன்று தடவை எழுதிய வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. தறிகளிலும் சுற்றியும் இருந்த பதினோரு பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"இவங்களுக்கு நல்லா வந்துடுச்சிங்க" என்றார். "வேலை கொடுக்கிறன்னு சொன்னவன் நான். நான்தான் கொடுக்கல. பயம்."

இனி எல்லாம் இடிந்து விழும் என்று அவர் எதிர்பார்த்தார், ஒன்றும் விழவில்லை. அதிகாரி தலையை ஆட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். யாரோ, "ஜல்தியா டீ கொண்டாப்பா" என்றார்கள். கார் புறப்படுவதற்கு முன் வேலூர் அதிகாரி அவரைத் தனியே இழுத்து, "அப்படியெல்லாமா பேசுவீங்க? கவலைப்படாதீங்க, ரிப்போர்ட்ல நான் வேற மாதிரி போட்டுக்கிறேன்" என்றார்.

உண்மையைச் சொன்ன பிறகும் வெளியே வர வழியில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கூட்டம் கலைந்ததும் கண்ணகியிடம் போனார். "நாளைக்குக் காலையில பட்டுப் பாவு வரும். நானே கொண்டாறேன்."

அவள் சோற்றுத் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். "எங்களுக்கு வேணாம் மொதலாளி. குடியாத்தத்துல லுங்கித் தறிக்கு ஆள் எடுக்கிறாங்க. நானும் சின்னபொண்ணும் இன்னும் ஆறு பேரும் திங்கக்கெழம போறோம்."

"லுங்கிக்கா? பட்டு நெய்யற கைய வெச்சிக்கினு?"

"இங்க மட்டும் பட்டா நெய்ஞ்சோம்?" என்றாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் அவரை அதிகமாகச் சுட்டது. "காத்தாயி போவல. மாமியார் படுத்த படுக்கை, கைக்கொழந்த வேற. கூட ரெண்டு பேர் இருக்காங்க. அவங்களுக்குக் கொடுங்க."

மறுநாள் காலை கடைத்தெருவே பார்க்கச் சிவப்பிரகாசம் சைக்கிள் ரிக்ஷாவில் மஞ்சள் பட்டுப் பாவை மடியில் வைத்துக்கொண்டு போனார். வேணுகோபால் தன் கடைப் படியில் நின்றிருந்தார், கூப்பிடவில்லை.

அந்த வாரமே பாவுகள் திரும்பத் தொடங்கின. முதலில் நான்கு, பிறகு ஒன்பது. பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்த போளூர்க்காரர்களிடமிருந்து மகளின் ஜாதகம் தபாலில் திரும்பி வந்தது. அபிதகுசாம்பாள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "எப்பவோ செய்ய வேண்டியத இப்ப செஞ்சி, ரெண்டு பக்கமும் கெடுத்துக்கினீங்க" என்று மட்டும் சொன்னாள்.

இருபத்திரண்டாவதாகத் தனகோடி வந்தார். துணியில் சுற்றிய பாவைக் கடை மெத்தையில் வைத்துவிட்டு நின்றார்.

"நீயுமா தனகோடி?"

"நான் அந்தத் தெருவுல குடியிருக்கணுங்களே" என்றார் தனகோடி. கண் கலங்கியிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

கடை நிறையப் பட்டு கிடந்தது. அதை நெய்யத் தெரிந்த எட்டு பேர் குடியாத்தத்தில் லுங்கி நெய்துகொண்டிருந்தார்கள். சிவப்பிரகாசம் கல்லாவைப் பூட்டிவிட்டுக் கிடங்குக்கு நடந்தார்.

உள்ளே மூன்று தறிகளில் சத்தம் கேட்டது. காத்தாயி குழந்தையைத் தூளியில் போட்டு, ஒரு காலால் அதை ஆட்டியபடி நெய்துகொண்டிருந்தாள். மாம்பழ நிறத்தில் ஒன்றரை முழம் புடவை விழுந்திருந்தது. கரை, நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. அவர் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"நாடாவுக்குத் தார்ல நூல் சுத்த ஆளில்லீங்க" என்றாள் காத்தாயி, தலை நிமிராமல். "நானே எழுந்து எழுந்து சுத்தினா பொழுதுக்கும் ஒரு சாண்கூட ஏறாது."

ராட்டை சுவரோரம் கிடந்தது. சிவப்பிரகாசம் வேட்டியை மடித்துக்கொண்டு அதன்முன் தரையில் உட்கார்ந்தார். முதல் தாரில் நூல் தொளதொளவென்று வந்தது. காத்தாயி அதை எட்டி வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இறுக்கிப் பிடிங்க."