ஆள் ஏறிய பிறகு இறுக்க வேண்டும்

காரின் ஸ்பிரிங்கை அமுக்க ஆரம்பித்ததும் மச்சினன் பேச்சை நிறுத்திக்கொண்டான். தையல்காரருக்குப் பயம் வந்தது அப்போதுதான். அவருடைய மனைவியின் தம்பி லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடியின் உச்சியில், இருட்டுக் குழிக்கு மேல் ஒற்றைக் கம்பியில் கால் வைத்துக்கொண்டு, நேற்றுப் பார்த்த கிரிக்கெட்டைப் பற்றி அரட்டை அடிக்கிறவன். அவனே வாயை மூடிக்கொண்டான் என்றால் விஷயம் விளையாட்டில்லை. ஸ்பிரிங்கின் இரண்டு பக்கமும் கொக்கிகளை மாட்டி, நீளமான திருகாணிகளை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்கினான். வளையங்கள் ஒன்றையொன்று நெருங்கின. எங்கோ உள்ளேயிருந்து 'டிங்' என்று ஒரு சின்ன ஓசை வந்தது. இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"மாமா, நேரா நிக்காதீங்க. பக்கவாட்டுல வாங்க."

"வந்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. நேரா நின்னாதான் ஆகும். கொக்கி வழுக்கிச்சுன்னா இது செவுத்துல ஓட்டை போட்டுட்டுப் போயிரும். நடுவுல நீங்க இருந்தா உங்ககிட்டயும் கேக்காது."

தையல்காரர் மரியாதையாக நகர்ந்துகொண்டார். மேல் நட்டைக் கழற்றி, கொக்கிகளைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தளர்த்தி, ஒருவழியாக அந்த ஸ்பிரிங்கை எடுத்துத் தரையில் வைத்தான் மச்சினன். துருவும் சேறும் அப்பிக்கொண்டு, பார்ப்பதற்கு யாரோ தூக்கிப் போட்ட சாமான் மாதிரி கிடந்தது. தையல்காரர் குந்தி உட்கார்ந்து அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். முழு உடம்பின் பாரத்தையும் கொடுத்து அழுத்தினார். அது இம்மி அசையவில்லை. இப்படி நான்கு பேர் காருக்குக் கீழே நின்று இத்தனை வருஷமாய்த் தாங்கியிருக்கிறார்கள். மகளை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது, அவள் கல்யாணத்துக்கு மேஜை நாற்காலி ஏற்றியது, ஆஸ்பத்திரிக்கு ஓடியது எல்லாம் இதன் தலை மேல்தான். ஒரு தடவையாவது குனிந்து பார்த்திருப்போமா என்று நினைத்தார். துணிக்குள் இருக்கும் தையலை யாரும் பார்ப்பதில்லை என்று வாழ்நாள் முழுக்கப் புலம்பிய மனிதர் அவர். அவருக்கே இந்த நினைப்பு இப்போதுதான் வந்தது.

அந்தக் காருக்கு வீட்டில் 'பெரியம்மா' என்று பெயர். மகள் வைத்தது. வீட்டில் எல்லாரையும்விட மூத்தவள் மாதிரி நடந்துகொள்ளும், மூட்டுக்கு மூட்டு சத்தம் போடும், எங்கே கூப்பிட்டாலும் முனகிக்கொண்டே வரும். ஆனால் வராமல் இருந்ததில்லை.

அந்தப் பெரியம்மாவில்தான், முதுகுத்தண்டில் இரண்டு கம்பிகளும் திருகாணிகளும் வைத்துத் தைத்த மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தார். வழியெல்லாம் அவள் வாயே திறக்கவில்லை. வலிக்கவில்லை போலிருக்கிறது என்று அந்த அப்பாவி மனிதர் சந்தோஷப்பட்டுக்கொண்டே ஓட்டினார். வாசலில் இறக்கும்போதுதான் பார்த்தார், கீழுதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் கட்டியிருந்தது. "இனிமே நான் எங்கயும் வரல" என்றாள். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கடைக் கணக்கை முடிப்பவள் போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

ஆனால் மகளுக்கு இது நிறைமாசம். தலைப்பிரசவம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், நடுவில் ரோடு என்று சொல்லப்படும் ஒன்று கிடக்கிறது. "பரவாயில்லம்மா, நீ வராத, உடம்பப் பாத்துக்கோ" என்று மகள் போனில் சொன்ன அன்று மனைவி சாப்பிடவில்லை. வா என்று கூப்பிட்டிருந்தால் சண்டை போட்டாவது மறுத்திருப்பாள். வராதே என்றதைத்தான் தாங்க முடியவில்லை. டாக்டரைக் கேட்டார்கள். படுத்தபடி, குலுங்காமல் போவதாக இருந்தால் போகலாம் என்றார். வாடகைக் கார்களில் முன்சீட்டு பாதிதான் சாய்ந்தது. பெரியம்மாவின் சீட்டு ஒன்றுதான் பழைய காலத்துத் தாராளத்தோடு கட்டிலைப் போல மல்லாந்து விரியும். ஆம்புலன்ஸ் பேசலாமா என்று மச்சினன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். "பேரப்பிள்ளையப் பாக்கப் போறேன்டா. ஊதிக்கிட்டே போய் இறங்குனா புள்ளத்தாச்சிக்கு எப்படி இருக்கும்?" என்றாள் அக்கா.

ஆகவே புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகள், அந்தக் கைகளின் முனையில் அழுத்தி வைத்த ரப்பர் புஷ்கள் எல்லாம் வந்து இறங்கின. வீட்டை ஒட்டிய கொட்டகையில் பெரியம்மாவை நான்கு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் தூக்கி நிறுத்தினார்கள். சக்கரம் இல்லாமல் அவளைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. மனைவியின் கட்டில் ஜன்னலோரம் இருந்ததால் அங்கிருந்து எல்லாம் தெரியும். மெத்தையில் ஒருக்களித்துக்கொண்டு கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரர் எந்த போல்ட் எங்கே இருந்தது என்பதற்குத் துணியில் போடும் சாக்பீஸால் அடையாளம் போட்டபோது மட்டும் லேசாகச் சிரித்தாள்.

வேலை நன்றாகத்தான் நடந்தது. ஒவ்வொரு போல்ட்டையும் மச்சினன் முழு மூச்சோடு இறுக்கினான். லிஃப்ட் வேலையில் தளர்வு என்ற பேச்சே கிடையாது. தொங்கும்போதே எல்லாம் கச்சிதமாக இருந்தாக வேண்டும். "மாமா, இது உங்க மீசை நரைச்சு உதிர்ந்தாலும் கழலாது" என்றான். சக்கரங்களை மாட்டி, கீழே இறக்கி, பெரியம்மாவைத் துடைத்துவிட்டு, அக்கா படுக்க வேண்டிய சீட்டில் அவனே மல்லாந்து படுத்துக்கொண்டான். தையல்காரர் தெருமுனை வரை போய்த் திரும்பினார். தெருமுனையில் ரயில் தண்டவாளத்தைத் தாண்டும் இடத்தில் ஒரு பள்ளம் உண்டு. அதில் இறங்கி ஏறியபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. கொட்டகைக்குத் திரும்பியதும் மச்சினன் எழுந்து உட்கார்ந்து தாடையைத் தடவிக்கொண்டான்.

"என்னடா?"

"பழசு முனகிட்டே வரும் மாமா. இது எதிர்த்துப் பேசுது."

இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. புதுச் சாமான்கள், நல்ல சாமான்கள், சரியான இடத்தில் சரியான சாமான்கள். அப்படியிருந்தும் பழைய துருப்பிடித்த ஸ்பிரிங்குகளைவிட மோசமாகக் குலுக்கியது. தையல்காரர் கார்க் கதவில் சாய்ந்து நின்றார். உள்ளே போய் அவளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இந்தக் கார் ஒன்றுதான் கடைசி வழி. இதுவும் இல்லையென்றால் குழந்தையைப் போனில்தான் பார்க்க வேண்டும். அவள் அதற்கும் சம்மதித்துவிடுவாள்.

பின்னால் வாக்கர் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. முதுகுப்பட்டையைக் கட்டிக்கொண்டு அவளே வந்துவிட்டாள். ஓடிப்போய்ப் பிடிக்கப் போனவரைக் கையமர்த்திவிட்டு, காரை ஒரு சுற்று பார்த்தாள். கடையில் ரவிக்கை போட்டுப் பார்க்க வருகிறவர்களை அவள் பார்ப்பது அப்படித்தான். முதலில் முகத்தைப் பார்க்க மாட்டாள். தோள் எப்படி விழுகிறது, அக்குள் எங்கே இழுக்கிறது என்று பார்ப்பாள். கல்யாணமான புதிதிலிருந்து அளவெடுப்பதும் வெட்டுவதும் அவர், உடம்பில் போட்டுப் பார்ப்பது அவள்.

"ஏங்க, இது ஏன் தோளத் தூக்கிக்கிட்டு நிக்குது?"

தையல்காரர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே உள்ள வளைவு வரை பிடித்துப் பார்த்தார். கழற்றுவதற்கு முன்னால் எடுத்த அளவைவிட இரண்டு விரல்கடை கூடுதலாக இருந்தது.

"புது ஸ்பிரிங்குக்கா, கொஞ்சம் உசரமாதான் நிக்கும்" என்றான் மச்சினன்.

"இது உசரமா நிக்கல. உக்கார முடியாம நிக்குது." அவள் வாக்கரில் கொஞ்சம் சாய்ந்துகொண்டாள். "அந்த ரப்பரெல்லாம் எப்ப இறுக்குனீங்க?"

"மாட்டும்போதுதான்."

"சக்கரம் தரையில இருந்துச்சா?"

"ஸ்டாண்டுல தொங்குச்சு."

அவள் தம்பியை ஒன்றும் சொல்லவில்லை. புருஷனை மட்டும் பார்த்தாள். தையல்காரருக்கு அந்தப் பார்வையிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. கையைத் தொங்கவிட்டு நிற்கிற ஆளுக்கு ஒரு தோள், தூக்கி நிற்கிற ஆளுக்கு ஒரு தோள். தொங்கும் நிலையில் ரப்பரைக் கவ்விப் பிடித்து இறுக்கிவிட்டார்கள். வண்டி தன் பாரத்தோடு இறங்க முயலும்போது ஒவ்வொரு ரப்பரும் முறுக்கிக்கொண்டு, நான் அங்கேயேதான் இருப்பேன் என்று சண்டைக்கு நிற்கிறது. லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தரையில் இறங்கி நிற்கும் பொருளைத் தெரியாது, அது அவன் தப்பில்லை. ஆனால் ஹேங்கரில் தொங்கும் சட்டைக்கு இடுப்பைப் பிடித்துத் தைக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் பக்கத்திலேயே விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாரே. அவர் முகத்தில் அசடு வழிந்தது.

"ஆள் மேல போட்டுப் பாக்காம இடுப்பு புடிச்சிருக்கீங்க" என்றாள் மெதுவாக.

பிறகு தடிப் பலகைகளை அடுக்கி, நான்கு சக்கரங்களையும் அவற்றின் மேல் ஏற்றி, முன்னும் பின்னும் கட்டை கொடுத்தார்கள். வண்டி தன் காலில் தானே நின்றது, கீழே ஒரு ஆள் படுத்துப் போக இடமும் இருந்தது. உள்ளே பாரத்துக்கு நாலு சிமெண்ட் மூட்டை வைக்கலாம் என்றான் மச்சினன். "போகப் போறது நானா, மூட்டையா?" என்று அக்கா கேட்டாள். அதற்கு மேல் அவளிடம் பேச யாருக்கும் தைரியம் இல்லை. பலகையின் உயரத்தில் சீட்டு அவளுக்குக் குனியாமல் ஏற வாகாகவே இருந்தது. இரண்டு பேருமாகத் தாங்கி அவளைப் படுக்கவைத்தார்கள். ஓட்டப்போகும் மாமாவின் பாரத்துக்குப் பதிலாக மச்சினன் ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்துகொண்டான். தையல்காரர் விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

அடியில் வேறு உலகமாக இருந்தது. வெளியே எவ்வளவு மினுக்கினாலும் கார் என்பது உண்மையில் இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. குழாய்கள், கைகள், மூட்டுகள். ஒன்று இழுத்தால் ஒன்று விட்டுக்கொடுக்கும்படி யாரோ யோசித்து யோசித்து வைத்த ஏற்பாடு. டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிய எக்ஸ்ரே நினைவுக்கு வந்தது. அன்று அந்த வெள்ளைத் திருகாணிகளைப் பார்த்து அவருக்குத் தலைசுற்றியது. மனைவியின் உடம்பில் யாரோ ஸ்பேனர் வைத்துத் திருகியிருக்கிறார்கள் என்பதை ஏற்கவே முடியவில்லை. இப்போது பயம் வரவில்லை. இத்தனை பாரத்தை நிமிர்த்திப் பிடிக்க எவ்வளவு வேண்டியிருக்கிறது என்ற மலைப்புதான் வந்தது. அவள் குனிந்து தைத்த அத்தனை வருஷங்களும், மகளை இடுப்பில் சுமந்த வருஷங்களும் ஒரு எலும்புக் கோவையின் மேல்தானே நின்றன.

முதல் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுத் தளர்த்தினார். சாக்பீஸ் கோடு விலகியது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அரைத் திருகு. அப்போது அவருடைய முகத்துக்கு ஒரு முழம் மேலே ரப்பர் தன் முறுக்கை அவிழ்த்துக்கொண்டது. இரும்புக் கை மெதுவாக, மிக மெதுவாகத் திரும்பியது. வண்டி முழுவதும் அந்த மூலையில் இரண்டு விரல்கடை இறங்கி அமர்ந்தது. சத்தம்கூட இல்லை. அவர் மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னமோ இறங்குச்சே" என்று மேலேயிருந்து, தகரத்தின் வழியாக, அவள் குரல் வந்தது.

"வலிச்சுதா?"

"இல்ல. யாரோ பக்கத்துல உக்காந்த மாதிரி இருந்துச்சு."

நான்கு மூலையிலும் எல்லா போல்ட்டையும் தளர்த்தினார். நான்கு முறையும் பெரியம்மா அதேபோல உட்கார்ந்தாள். மச்சினன் வெளியே இறங்கி ஓரத்தைப் பிடித்து மெல்ல ஒரு தடவை அமுக்கிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தான். இனி இறுக்க வேண்டியதுதான். ஸ்பேனரைப் போட்ட பிறகு தையல்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தது. இரும்புத் தரையில் லேசாகத் தட்டினார்.

"மூச்ச இழுத்துப் புடிச்சிருக்கியா?"

பதில் வரவில்லை.

"இழுத்துப் புடிக்காத. எப்பவும் இருக்கற மாதிரி இரு."

இதைத்தான் அளவெடுக்க வருகிற எல்லாரிடமும் அவர் சொல்வார். எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பாரோ, அவளிடம் சொன்னதில்லை. அவளுக்கு அளவெடுத்ததே இல்லை, கண்ணளவிலேயே வெட்டிவிடுவார். மேலே ஒரு நீண்ட மூச்சு வெளியேறும் ஓசை கேட்டது. அவர் இறுக்கினார். அவள் எடைக்கு, அவள் மூச்சுக்கு, அவள் படுத்திருக்கும் வாட்டத்துக்கு, ஒவ்வொன்றாக இறுக்கினார். கண்ணில் துரு விழுந்துவிட்டது என்று பிறகு மச்சினனிடம் சொன்னார். அவனும் நம்பியதாகக் காட்டிக்கொண்டான்.

அவளை இறக்கிவிட்டு, வண்டியைப் பலகையிலிருந்து இறக்கி, மறுபடி அவளைப் படுக்கவைத்து, வெள்ளோட்டத்துக்குக் கிளம்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. மச்சினன் கொட்டகையைக் கூட்டுகிறேன் என்று நின்றுவிட்டான். உண்மையில் அவனுக்குப் பார்க்கப் பயம். சக்கரங்களை நாளைக்குக் கடையில் காட்டி நேராக்க வேண்டும் என்று மட்டும் சொன்னான். ஸ்டியரிங் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தது. தையல்காரர் அதைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிப் பாத்திரம் ஏற்றியவர் மாதிரி ஓட்டினார். மனைவி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஒரு கை சீட்டின் விளிம்பைக் கவ்வியிருந்தது, விரல் நுனிகள் வெளுத்திருந்தன. தெருமுனை வந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார். முன்சக்கரங்கள் பள்ளத்தில் இறங்குவது அவருடைய கையில் தெரிந்தது. தண்டவாளம் ஒன்று, தண்டவாளம் இரண்டு, பிறகு பின்சக்கரங்கள். ஓடும் தண்ணீரில் இலை போகிற மாதிரி போனது. அவர் நம்பவில்லை. திரும்பிப் பார்க்கவும் துணிச்சல் இல்லை.

"பள்ளம் எப்ப வரும்?" என்று கேட்டாள், கண்ணைத் திறக்காமல்.

"தாண்டியாச்சு."

"பொய் சொல்லாதீங்க."

"உங்கம்மா சத்தியமா தாண்டியாச்சு."

அவள் கண்ணைத் திறந்தாள். படுத்திருந்ததால் ரோடு தெரியாது. கண்ணாடி வழியாக மின்கம்பிகளும் மரத்து உச்சிகளும் வானமும் மட்டும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. எத்தனையோ நாளுக்குப் பிறகு கூரை இல்லாத இடத்தைப் பார்க்கிறாள். வீட்டுக்குத் திரும்பும் தெரு அடுத்து வந்தது. அவர் திரும்புவதற்காக இண்டிகேட்டரைப் போட்டார்.

"திரும்பாதீங்க."

"பை எடுக்கல. மாத்திரை எடுக்கல. என் கையப் பாரு, முழுக்க கிரீஸ்."

"மாத்திரை எல்லா ஊர்லயும் விக்கும். அங்க சோப்பும் இருக்கும்."

"நாளைக்குச் சக்கரத்த நேராக்கிட்டு—"

"ஏங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அவர் இண்டிகேட்டரை அணைத்தார். ஊரைத் தாண்டியதும் ரோடு கரடுமுரடாகி மலையை நோக்கி ஏறத் தொடங்கியது. பெரியம்மா ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறினாள். தையல்காரர் கறுத்த கைகளால் ஸ்டியரிங்கைப் பிடித்து வலப்பக்கம் கொஞ்சம் அழுத்தியபடியே, பக்கத்தில் பார்த்தார். சீட்டின் விளிம்பைக் கவ்வியிருந்த கை இப்போது அங்கே இல்லை. அது வயிற்றின் மேல் விரிந்து கிடந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது தானாக லேசாக எழும்பி, மறுபடி மெத்தென்று இறங்கியது.