இருட்டறையில் நாலு மானிட்டர்

மானிட்டர்களைச் சோதிக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கக் கறுப்பு. விளக்கை அணைத்ததும் ஒன்றும் தெரியாது. கண் பழகப் பழகத்தான் ஒரு திரையின் கறுப்புக்கும் இன்னொன்றின் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் பிடிபடும். நடுவில் யாராவது கதவைத் திறந்தால் எல்லாம் முதலிலிருந்து. அதனால் சோதனை நடக்கும்போது வெளியே சிவப்பு பல்பு எரியும்.

அன்று மதியம் மேஜையில் நான்கு மானிட்டர்கள். ஒரு மருத்துவமனை தன் எக்ஸ்ரே அறைக்கு மொத்தமாக வாங்கப்போகிறது. எதில் படம் சரியாகத் தெரிகிறது, கொடுக்கிற விலைக்கு எது தகும் என்று நான் சொல்ல வேண்டும். நான்கிலும் ஒரே படம் போட்டிருந்தேன்: அடியில் முழுக் கறுப்பில் தொடங்கி மேலே போகப் போக மெல்ல வெளுக்கும் பட்டைகள். மூன்றில் எல்லாப் பட்டைகளும் தெரிந்தன. நான்காவதில் அடிப்பட்டைகள் ஒன்றோடொன்று கலந்து தார் ஊற்றியது போலக் கிடந்தன. மூலையில் வெளிச்சம் வேறு கசிந்தது. விலை பாதிதான். ஆனால் விலா எலும்பில் விழுந்த மெல்லிய விரிசல் இந்தத் தாருக்குள் காணாமல் போகும்.

நான்காவது, என் மச்சினன் விற்கும் மானிட்டர்.

கதவுச் சத்தம் கேட்டதும் பழக்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவன் உள்ளே வந்து தாழ் போட்டான்.

"மாமா, எங்க இருக்க?"

கண்ணைத் திறந்தேன். வெயிலிலிருந்து வந்தவனுக்கு என்னைத் தெரியவில்லை. எனக்கு அவன் சட்டைப் பொத்தான்வரை தெரிந்தது.

"வெளிய பல்பு எரியுதுல்ல?"

"எரியட்டும். என்னோடது பாஸா?"

"இல்ல."

"கடையில எப்படி மின்னிச்சு! நீயும் பாத்தல்ல?"

"கல்யாணப் பொண்ணு மேக்கப் மாதிரி இருக்கு, முகத்தக் கழுவட்டும், பாக்கலாம்னு அப்பவே சொன்னேன்."

"நக்கலா? இந்த ஆர்டர் போச்சுன்னா நாளைலேர்ந்து வராதேன்னுட்டாரு முதலாளி. வீட்ல அம்மா இருக்காங்க. உன் மாமியார். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. பட்டை தெரியல."

குரல் வந்த பக்கம் கையை வீசினான். நகர்ந்திருக்கலாம். நகரவில்லை. மனைவி இறந்துபோன பிறகு இந்த உடம்பு யாருடையதோ போலத்தான் இருக்கிறது. முதல் குத்து காதில். அடுத்தது மூக்கில். என்னவோ நொறுங்கும் சத்தம் தலைக்குள் கேட்டது. பட்டைகள் அப்படியே தெரிந்துகொண்டிருந்தன. மூன்றாவது குத்து நாற்காலியில் பட்டு, அவன்தான் கத்தினான்.

"வலிக்கலையா உனக்கு? மரமாடா நீ? அக்காவ எரிச்சப்பவும் இப்படித்தான் நின்ன."

அப்போதுதான் எழுந்தேன். கழற்றி வைத்திருந்த மானிட்டர் ஸ்டாண்ட் கைக்கு வந்தது. இரும்பு. அது வருவது அவனுக்குத் தெரியவில்லை. தோளில் அடித்தேன். பிறகு வாயில். குனிந்தபோது முதுகில். அடிக்க அடிக்க எனக்குள் எதுவும் குறையவில்லை, கூடவும் இல்லை. விழுந்தவன் இருமி ஒரு பல்லைத் துப்பினான்.

கதவைத் தட்டியது உதவியாளர். ஒல்லி என்பதால் எல்லோருக்கும் குண்டூசி.

"சார், உள்ள என்ன ஃபர்னிச்சர் டெஸ்ட்டா?"

"கதவத் திறக்காதீங்க. முடியப்போகுது."

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. மூச்சு அடங்குவதற்குள் அவன் கண்ணும் இருட்டுக்குப் பழகிவிட்டது. தலையைத் தூக்கி மேஜையைப் பார்த்தான். ஒவ்வொன்றாகப் பார்த்து நான்காவதற்கு வந்தான். மறுபடி மூன்றாவதைப் பார்த்தான்.

"மத்ததுல அடி வரைக்கும் தெரியுது."

"ஆமா."

"என்னோடதுல இல்ல."

"இல்ல."

எழுந்து என் கையிலிருந்து ஸ்டாண்டைப் பிடுங்கினான்.

"இதுல நல்லது எது?"

"முதலாவது."

அதன் நடு நெஞ்சில் இறக்கினான். திரை உள்வாங்கி நொறுங்கியது. வெள்ளைக் கோடுகள் ஓடின. மேலே மசி கொட்டியதுபோல ஒரு கறை பரவியது.

"இப்ப?"

"மூணாவது."

அதையும் உடைத்தான்.

"இப்ப?"

"ரெண்டாவது. விலையப் பாத்தா மொதல்லேர்ந்தே அதுதான்."

அதை இரண்டு முறை அடித்தான். தெறித்த சில்லு என் கன்னத்தைக் கிழித்தது. மிச்சம் அவனுடையது மட்டும். அதன் மூலையில் கசிந்த வெளிச்சத்தில் அவன் முகம் தெரிந்தது. உதடு கிழிந்து தொங்கியது. மோவாயில் ரத்தம் வழிந்தது. அவன் அக்காவின் மோவாய்.

"இப்ப?"

"ஒன்னும் இல்ல."

"கண்ணு முன்னாடி ஒன்னு இருக்கே மாமா."

"அது ஃபெயில்."

"அக்கா இருந்திருந்தா பாஸ் போட்டிருப்ப."

"அவ இருந்திருந்தாலும் அந்தப் பட்டை தெரியாது."

ஸ்டாண்ட் என் முன்கையில் இறங்கியது. எலும்பு முறிந்தது. இந்த முறை வலித்தது. கத்தினேன். குண்டூசி தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு வர, வெளிச்சம் உள்ளே கொட்டியது.

நொறுங்கிக் கிடந்ததையெல்லாம் பார்த்தார். எரிந்துகொண்டிருந்த ஒன்றைப் பார்த்தார்.

"அப்ப இதுவா சார் பாஸ்?"

"இல்ல. ரெண்டாவதுன்னு எழுதுங்க."

மச்சினன் ஸ்டாண்டைக் கீழே போட்டுவிட்டு என் கையைத் தாங்கிப் பிடித்தான். வெளிச்சத்தில் அவனுக்குக் கண் கூசியது. முறிந்த இடத்திலேயே பிடித்திருந்தான்.