ரொசால்பாவின் பின்சக்கரம்

1

சனிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, ஓடும் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் திரும்பி உட்கார்ந்தபடி, ஒரு கரும்பலகையில் 1:50 என்று எழுதினேன். இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. வேறு மூலம் எதுவும் இல்லை.

பலகை பிடிப்பது எளிய வேலை. சைக்கிள் பந்தயத்தில் கூட்டத்திலிருந்து தப்பித்து முன்னால் போனவர்களுக்கும் அவர்களைத் துரத்தும் கூட்டத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று எழுதிக் காட்ட வேண்டும். அழிக்க வேண்டும். மறுபடி எழுத வேண்டும். அன்று முன்னால் இரண்டு பெண்கள். யோலிமா முதலில். அவளுடைய பின்சக்கரத்தை ஒட்டி, தலையைக் கவிழ்த்துக்கொண்டு ரொசால்பா. யோலிமா பலகையைப் படித்தாள். ரொசால்பா நிமிரவில்லை. யோலிமா தோளுக்கு மேல் திரும்பி ஏதோ ஒரு சொல் சொன்னாள். உடனே ரொசால்பா முன்னால் வந்து, வீட்டில் தீப்பிடித்துவிட்டது போல மிதிக்க ஆரம்பித்தாள்.

ஒரு நிமிடம் ஐம்பது விநாடி கையில் இருக்கும்போது யாரும் அப்படி மிதிப்பதில்லை.

என்ன சொன்னாள்?

2

முதலில் எழுதிய தொடக்கம்:

[யோலிமா சிறுவயதிலிருந்தே சைக்கிளின் மேல்—]

எங்கள் பொயாக்கா மலை மாகாணத்தில் யார்தான் இல்லை? விட்டுவிட்டேன்.

இரண்டாவது:

[மலை அவளை அழைத்தது.]

மலை யாரையும் அழைப்பதில்லை. இதையும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது: யோலிமாவுக்கு முப்பத்து நான்கு வயது. பல் டாக்டரிடம் உதவியாளர். பகலெல்லாம் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்வாள். விடியும் முன்பு தன் வாயைத் திறந்துகொண்டு மலையேறுவாள். போன வருடம் மாகாண அணியில் மாற்று ஆளாக அவளைத் தேசியப் போட்டிக்குக் கூட்டிப்போனார்கள். இரண்டு நாளும் தடுப்புக்கு வெளியே நின்று மற்றவர்களின் மழைக்கோட்டுகளைக் கையில் வைத்திருந்தாள். யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை. போக வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். இந்த வருடம் அணியில் ஓர் இடம்தான் காலி. சனிக்கிழமை சாலைப் பந்தயம், ஞாயிறு வளையத்தில், அதாவது அரங்கத்தின் சாய்வான வட்டப் பாதையில். இரண்டும் சேர்த்து யார் முதலோ அவருக்கு அந்த இடம். சமமானால் ஞாயிறில் முந்தியவருக்கு.

இது நிற்கட்டும். வேண்டிக்கொண்டது என் கற்பனை. மழைக்கோட்டுகள் உண்மை.

3

ரொசால்பா அடுமனை நடத்துகிறாள். யோலிமாவைவிட ஏழு வயது மூத்தவள். ஒரே சங்கம். ஞாயிறுதோறும் அவளுடைய பிக்கப் வண்டியில்தான் இரண்டு சைக்கிள்களும் போகும். மலையில் யோலிமா வேகம். சமதளத்தில் ரொசால்பா எருது. தப்பித்துப் போக இதைவிட நல்ல ஜோடி கிடையாது.

"இன்னும் கொஞ்சம் இழுங்க, சுமெர்சே. என் கால் ரெண்டும் செத்துப்போச்சு" என்றாள் ரொசால்பா.

"போன வாரமும் செத்துச்சு. எத்தனை தடவைதான் புதைக்கிறது?"

"ஆமா, நீங்க பல்லு புடுங்குற கூட்டம். வலிக்காது வலிக்காதுன்னு சொல்லிக்கிட்டே புடுங்குவீங்க."

"பேச மூச்சு இருக்குல்ல? முன்னால வாங்க."

(சுமெர்சே என்றால் தங்கள் அருள் என்பது போல ஒன்று. இங்கே அம்மாவையும் அப்படித்தான் கூப்பிடுவோம், பஸ் கண்டக்டரையும் அப்படித்தான். திட்டும்போதும் விடுவதில்லை.)

தப்பித்துப் போகிறவர்கள் பொய் சொல்வார்கள். கால் போய்விட்டது, தண்ணீர் இல்லை, வயிறு சரியில்லை, எல்லாம் அனுமதி. அடுத்தவரை முன்னால் விட்டு, காற்றைக் கிழித்து அதிகம் இழுக்கவைத்துத் தன்னைச் சேமிப்பது ஆட்டத்தில் பாதி. ஆனால் ஒன்றில் மட்டும் யாரும் பொய் சொல்வதில்லை: இடைவெளி. பின்னால் இருப்பவள் தலையைக் கவிழ்த்திருக்கிறாள். அவளுக்குப் பலகை தெரியாது. முன்னால் இருப்பவளின் வாய்தான் அவளுக்குக் கண். இந்த விதியை யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. மீறியவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

பெரிய திருப்பத்தைத் தாண்டியதும் நான் பலகையை உயர்த்தினேன்.

"எவ்வளவு?" என்று கேட்டாள் ரொசால்பா.

யோலிமா 1:50-ஐப் பார்த்தாள். முடிவுக்கோட்டுக்கு முன்னால் ஒரு குட்டையான செங்குத்து ஏற்றம் இருந்தது. ஏற்றத்தின் அடியில் ஒரு சிலுவை. அதுவரை சமதளம். சமதளத்தில் ரொசால்பா. அவள் சேமித்துக்கொண்டு வந்தால் ஏற்றத்திலும் விடமாட்டாள்.

"முப்பது" என்றாள் யோலிமா.

[அவளை அறியாமலே வாயில் வந்துவிட்டது.]

இந்த வரியை மூன்று முறை எழுதி மூன்று முறையும் எடுத்தேன். அவளுக்கு நல்லது செய்ய ஆசைப்படுகிறேன் போல. ஒன்று ஐம்பது என்பது தானாக வாயில் முப்பது விநாடி ஆகாது.

சிலுவை வரை ரொசால்பா இழுத்தாள். ஒருமுறைகூட முழங்கையை ஆட்டி நீ வா என்று கேட்கவில்லை. சிலுவையில் அவளுடைய சைக்கிள் சட்டென்று நின்றுவிட்டது போல் ஆயிற்று. யோலிமா சுற்றிக்கொண்டு மேலே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

யோலிமா முதலிடம். துரத்தும் கூட்டத்திலிருந்து பச்சைச் சட்டை போட்ட யுரானி என்ற பத்தொன்பது வயதுப் பெண் இரண்டாமிடம். ரொசால்பாவைக் கூட்டம் விழுங்கியது. பதினான்காவது. இனி ஞாயிறு என்ன செய்தாலும் அவளுக்கு அந்த இடம் இல்லை.

முகமெல்லாம் உப்பாக வந்து அவள் யோலிமாவைக் கட்டிக்கொண்டாள்.

"அந்த முப்பதை எப்படித்தான் காப்பாத்தினோமோ, சுமெர்சே!"

"நீங்கதான் காப்பாத்தினீங்க" என்றாள் யோலிமா.

4

இந்தப் பகுதியில் நான் வருகிறேன். தவிர்க்கப் பார்த்தேன், முடியவில்லை.

சனி மாலை ரொட்டி வாங்கப் போனேன். ரொசால்பா கல்லாவில் இருந்தாள். கால்களை ஒரு மாவு மூட்டையின் மேல் நீட்டியிருந்தாள். எனக்கு முன்னால் ஒரு கிழவர் சீஸ் ரொட்டி சூடாக இல்லை என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களை மாதிரியே இருக்கு, தாத்தா. மேல ஆறியிருக்கு, உள்ள இன்னும் கொதிக்குது. எடுத்துட்டுப் போங்க."

அவர் சிரித்துக்கொண்டே போனார். அவள் என்னைப் பார்த்தாள்.

"சுமெர்சேதானே பலகை பிடிச்சீங்க? பெரிய திருப்பத்துக்கு அப்புறம் என்ன எழுதினீங்க?"

"ஒண்ணு ஐம்பது" என்றேன். கேட்டாள், சொன்னேன். அதைச் சொல்வதுதானே என் வேலை.

அவள் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றினாள். ஓரங்களை நன்றாக மடித்தாள்.

"வேற ஏதாவது வேணுமா?"

5

ஞாயிறு காலை பிக்கப் வண்டி வழக்கம்போல யோலிமாவின் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தது.

இது யோலிமாவுக்கு எதிர்பாராதது. [ஏன்? ரொசால்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியாதே.] தெரியாது. ஆனாலும் விடிந்ததிலிருந்து, ஹாரன் அடிக்காது என்றே காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"தூங்கினீங்களா?" என்று கேட்டாள் ரொசால்பா.

"தூங்கினேன்."

"நான் தூங்கலை. கண்ணை மூடினா யாரோ துரத்துற மாதிரியே இருந்துச்சு."

யோலிமா அவள் முகத்தைப் பார்த்தாள். ரொசால்பா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பால் லாரியைத் தாண்டியதும், இலையில் சுற்றிய கொய்யாப்பழ இனிப்புக் கட்டியை எடுத்து ஒரு கையாலேயே இரண்டாக ஒடித்தாள். எப்போதும் பெரிய துண்டு அவளுக்கு. வண்டி ஓட்டுகிறவளின் உரிமை என்பாள். அன்று பெரிய துண்டை யோலிமாவிடம் நீட்டினாள்.

"ஏன் இது எனக்கு?"

"இன்னைக்கு நீங்கதானே ஜெயிக்கணும்? சாப்பிடுங்க."

யோலிமா சாப்பிட்டாள்.

6

வளையத்தைப் பற்றிக் கொஞ்சம். இதை எழுதும்போதுதான் எனக்கே ஒன்று விளங்கியது.

சாலையில் உங்கள் முன்னால் ஒரு முதுகு தெரிந்தால் நீங்கள் பின்னால் இருக்கிறீர்கள். அவ்வளவுதான். வளையம் அப்படியில்லை. எல்லோரையும் விட்டுத் தப்பித்து ஓடுங்கள். விடாமல் ஓடினால், கடைசியில் நீங்கள் விட்டு ஓடிய அதே ஆட்களின் முதுகு முன்னால் வரும். ஒரு சுற்று முந்திவிட்டீர்கள். இப்போது கூட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு சும்மா வந்தாலே போதும். பார்ப்பவருக்கு நீங்கள் கடைசி. கணக்கில் முதல்.

ஞாயிறு யோலிமா யுரானிக்கு முன்னால் முடித்தால் போதும். பத்தொன்பது வயதுக் கால்களோடு கடைசிச் சுற்றில் மோத முடியாது. அதனால் பாதிப் பந்தயத்திலேயே தனியாகப் பாய்ந்தாள். வளையத்துச் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. மிதிக்காமல் சும்மா உருளவும் முடியாது. சக்கரம் சுற்றும்வரை கால் சுற்றியே ஆக வேண்டும். எத்தனை சுற்று போனாள் என்பது அவளுக்கு மறந்துபோனது. பின்னால் கூட்டம் உடைந்து வளையம் முழுக்கச் சிதறியது. திடீரென்று அவள் முன்னால் மூன்று முதுகுகள். கடைசி முதுகு ரொசால்பாவுடையது.

இதுதான் கூட்டத்தின் வாலா? அப்படியானால் யுரானி முன்னால் எங்கேயோ இதில் இருக்கிறாள். அவளை ஒரு சுற்று முந்தியாயிற்று. இனி ரொசால்பாவின் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்கலாம்.

அல்லது இவர்கள் கூட்டத்திலிருந்து உதிர்ந்தவர்களா? அப்படியானால் யுரானி தன்னைத் துரத்திக்கொண்டு பின்னால் வருகிறாள். இங்கே மூச்சு வாங்க நின்றால் முடிந்தது.

முந்திய பிறகும் ஓடினால் எரிந்து தீர்ந்துவிடுவாள். முந்தாமல் உட்கார்ந்தால் பிடிபடுவாள். யுரானியின் சங்கத்தில் பச்சைச் சட்டைகள் நான்கு. வியர்வை இறங்கிய கண்ணுக்கு நான்கும் ஒன்று. அந்தச் சாய்வில் திரும்பிப் பார்ப்பதும் முடியாது. தலை திரும்பினால் சக்கரம் நழுவும்.

(விஷயம் தெரிந்த வாசகர் கேட்பார்: பயிற்சியாளர் கத்தமாட்டாரா? டோன் எவாரிஸ்தோவுக்கு சனிக்கிழமையே தொண்டை போய்விட்டது. அவர் தொப்பியை ஆட்டினார். வா என்பதற்கும் நில் என்பதற்கும் பார்த்துப் போ என்பதற்கும் அவர் ஆட்டுவது ஒரே ஆட்டுதான். ஒலிபெருக்கி? அதில் அந்த நேரம் செம்மறியாட்டுக் குலுக்கலில் வென்ற சீட்டின் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆடு யாருக்கு என்பதில் அரங்கமே மும்முரமாக இருந்தது.)

ரொசால்பாவுக்குத் தெரியும். அவள் கூட்டத்துக்குள் இருந்து வந்தவள். யுரானி எப்போது எந்தப் பக்கம் போனாள் என்று பார்த்தவள்.

நான் எதிர்ப்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யோலிமா தலையை நீட்டி ஏதோ கேட்பது தெரிந்தது. ரொசால்பாவின் முகம் பாதி திரும்பியது.

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ரொசால்பா உண்மையைச் சொல்கிறாள். பக்கத்தை முடித்துவிட்டுத் திரும்பப் படித்தேன். யோலிமா நம்பவில்லை. என்னால் அவளை நம்பவைக்க முடியவில்லை. முந்தின நாள் முப்பது என்று யோலிமா சொன்னதும் இதே போன்ற அக்கறையான குரலில்தான்.

ரொசால்பா பொய் சொல்கிறாள். இதை ஒரே மூச்சில் எழுதினேன். வாசகர்கள் கைதட்டுவார்கள். அதனாலேயே இதன்மேல் சந்தேகம் வந்தது. பெரிய துண்டை ஒடித்துக் கொடுத்த கை குறுக்கே வந்தது. அந்தத் துண்டு மன்னிப்பா, கடைசித் தடவையாகக் கொடுத்ததா என்றும் எனக்குத் தெரியவில்லை.

ரொசால்பாவுக்குக் காதில் விழவில்லை. [கோழைத்தனம். அவளுடையது அல்ல, என்னுடையது.]

யார் வென்றார் என்று எனக்குத் தெரியும். முடிவுத் தாளை அரங்கத்தின் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். யார் முன்னால் என்று அதில் இருந்தது. யார் என்ன சொன்னார் என்று இல்லை. எனக்கு வேண்டியது இரண்டாவது.

ரொசால்பாவிடமே கேட்டேன். "ரொட்டி ஆறுது, சுமெர்சே, வீட்டுக்குப் போங்க" என்றாள்.

யோலிமாவிடம் கேட்பதற்காகப் பல் டாக்டரிடம் போனேன். நாற்காலியில் சாய்த்தாள். விளக்கை இழுத்தாள். நான் ஆரம்பித்தேன்.

"அன்னைக்கு வளையத்துல நீங்க ரொசால்பாகிட்ட—"

"வாயை நல்லாத் திறங்க" என்றாள். "இன்னும். பேசக் கூடாது."

8

ஆகவே இது உங்களிடம் வருகிறது.

நீங்கள்தான் ரொசால்பா. நேற்று, இல்லாத ஒரு துரத்தலிலிருந்து ஓடி, உங்கள் கால்களைச் சிலுவையடியில் விட்டுவிட்டு வந்தவர். இந்த வளையத்தில் உங்களுக்குக் கிடைக்க இனி எதுவுமில்லை, இழக்கவும் எதுவுமில்லை. பின்னால் ஒரு மூச்சு கேட்கிறது. மலைமலையாகக் கேட்டுப் பழகிய மூச்சு. உங்கள் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி அவளுடைய முன்சக்கரம். அவளுக்குப் பலகை தெரியவில்லை. உங்கள் வாய்தான் அவளுக்குக் கண். அடுத்த திருப்பம் வருவதற்குள் சொல்ல வேண்டும்.

"ரொசால்பா, யுரானி எங்க? முன்னாலயா, பின்னாலயா?"