எல்லன்ராய்டில் இறங்காத பந்து

1974 மே மாதம் எங்கள் எல்லன்ராய்ட் மைதானத்தில் எங்கள் அணியின் பெர்னார்ட் ஓல்ட்ராய்ட் உதைத்த பந்து இன்னும் கீழே வரவில்லை. அது மாவட்டக் கோப்பையின் இறுதி ஆட்டம். மலைக்கு அந்தப் பக்கத்துக் கிர்க்பெக் அணி ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தது. முடிவுச் சங்கும் ஊதியாயிற்று. ஆனால் ரக்பி லீக்கில் சங்கு மட்டும் போதாது, பந்தும் ஓய வேண்டும். அப்போதுதான் நடுவர் விசில் அடிப்பார். எதிரே சுவர் மாதிரி ஆட்கள் நிற்க, வேறு வழியில்லாமல் பெர்னார்ட் பந்தை நேரே வானத்துக்கு அனுப்பினான். கிர்க்பெக்கின் கடைசித் தடுப்பாளன் ஸ்டான் மெட்காஃப் கோல்கம்பத்துக்கு முன்னால் கைகளை ஏந்தி நின்றான். மழை வந்தது, பந்து வரவில்லை. நடுவர் நேர்மையான மனிதர். இருட்டும்வரை விசிலை வாயிலேயே வைத்திருந்துவிட்டு, ஆட்டம் முடிந்ததென்று சொல்லத் தனக்கு அதிகாரமில்லை என்று அறிவித்து பஸ் ஏறிப் போனார். கோப்பையை இரண்டு ஊருக்கும் நடுவே மலைமேல் இருக்கும் மதுக்கடையில் துணி போட்டு மூடி வைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஸ்டானால் அந்த இடத்தை விட்டு அசைய முடியவில்லை. அவன் இல்லாத நேரம் பார்த்து பந்து விழுந்தால், எங்கள் ஊர்க்காரன் எவனாவது அதன்மேல் கையை வைத்துப் புள்ளி எடுத்துவிடுவான், கோப்பை போய்விடும். கிளப்காரர்கள் இரக்கப்பட்டு அவனுக்குப் புல் வெட்டும் வேலை கொடுத்தார்கள். கம்பத்துக்குப் பக்கத்தில் கூரையில்லாத கொட்டகை ஒன்றும் போட்டுத் தந்தார்கள். மற்ற ஆட்டங்களின்போது வீரர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். பந்து அவன்மேல் பட்டால் கம்பத்தில் பட்டதாகக் கணக்கு. எங்கள் ஊர்ப் பெண்கள் வினிகர் தெளித்த சிப்ஸ் பொட்டலத்தை அவன் கையில் வைத்து, "இதைக் கெட்டியாப் பிடி கண்ணு, பந்தை மட்டும் நழுவ விட்டுடு" என்பார்கள். புறா வளர்ப்பவர்கள் மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்கள். மைதானத்துக்கு மேலே வந்ததும் பறவைகள் எதையோ சுற்றிக்கொண்டு போவதால் பந்தயத்தில் பிந்திவிடுகின்றனவாம்.

பெர்னார்ட் இன்னும் பதினோரு வருடம் ஆடினான். நல்ல ஆட்டக்காரன்தான், ஆனால் பயம் உள்ளே புகுந்துவிட்டது. ஓடும்போதே அண்ணாந்து பார்ப்பான், அந்த நேரத்தில் எவனாவது மோதி விலா எலும்பை முறிப்பான். அணித் தலைவனாக இருந்தபோது நாணயம் சுண்ட மறுத்தான். மேலே போனது எதுவும் திரும்பாது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. மகள் பிறந்தபோது மற்ற அப்பன்கள் செய்வதுபோல் அவளை ஒரு முறைகூடத் தூக்கிப் போட்டுப் பிடிக்கவில்லை. பாவம், அந்தக் குழந்தை பக்கத்து வீட்டுக்காரனிடம் போய்த்தான் அதைக் கேட்டு வாங்கியது. "கூரைக்கு மேல இருக்கறது கடவுள் பாடு. நீ டீயைக் குடி, ஆறுது பாரு" என்பாள் அவன் மனைவி மாவிஸ். அவன் குடிப்பதற்குள் அது பச்சைத் தண்ணியாகிவிடும்.

நிலக்கரிச் சுரங்கத்தை மூடிய பிறகு எங்களுக்கென்று மிஞ்சியது கிளப் ஒன்றுதான். அதன் பயிற்சியாளராகப் பெர்னார்ட்டை வைத்தார்கள். முதல் நாளே, பந்தை உயரே உதைப்பவன் அணியில் இருக்க மாட்டான் என்று சொல்லிவிட்டான். ஆகவே எங்கள் பையன்கள் ஓடினார்கள், ஓடிக்கொண்டே இருந்தார்கள். சில வருடம் அது பலித்தது. பிறகு மற்ற ஊர்க்காரர்கள் இந்தக் குறையைக் கண்டுகொண்டு எங்களைத் துவைத்தெடுத்தார்கள். 1996இல் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் தோற்றால் கீழ்ப்பிரிவுக்குப் போக வேண்டும், கிளப்பைப் பூட்டினாலும் பூட்டிவிடுவார்கள் என்று நிலைமை வந்து நின்றது. பெர்னார்ட்டின் வேலையும் அதோடு சரி.

கடைசி நிமிடத்தில் நாங்கள் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து எங்கள் இளைஞன் டேரன் ஸ்பிங்க் கையில் இருந்தது. இன்னொரு முறை மடக்கப்பட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். டேரன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். கிளப் தலைவரான கறிக்கடை ஹோரஸ் பெர்னார்ட்டின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"உதைக்கச் சொல்லுய்யா! உயர உதைச்சா அது வராதுன்னு நீதானே சொல்றே. வரலைன்னா ஆட்டம் முடியாது, நாம தோக்கவும் மாட்டோம்!"

"வரலைன்னா இன்னொருத்தன் காலம் பூரா அங்க நிப்பானே, ஹோரஸ்."

"நிக்கட்டுமே! அவன் ஊரு வேற!"

  பெர்னார்ட் கண்ணை மூடிக்கொண்டு, சரி என்று தலையை ஆட்டினான். டேரன் உதைத்தான். பந்து போயிற்று. அரங்கம் முழுக்க, நானும்தான், அது வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது. பெர்னார்ட் ஒருவன் மட்டும், "வா, வந்துடு, வந்துடுடா" என்று முனகிக்கொண்டிருந்தான்.

அது வந்தது. எதிரணித் தடுப்பாளனின் மடியில் சமத்தாக வந்து உட்கார்ந்தது. சங்கு ஊதியது, நடுவர் விசில் அடித்தார். பெர்னார்ட் சேற்றில் மண்டியிட்டு, வாய்விட்டுச் சிரித்தபடி அழுதான். கடித்த இறைச்சிப் பணியாரங்களை அவன்மேல் எறிந்தோம். திங்கட்கிழமை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

செவ்வாய்க்கிழமை அவன் கோல்கம்பத்துக்குப் போனான். அதுவரை ஸ்டானோடு அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"உங்க அக்கா பிரிட்லிங்டன்ல இருக்காங்களாமே. போய் ஒரு வாரம் கடலைப் பாத்துட்டு வா. நான் நிக்கறேன்."

"நீயா? நீ பிடிச்சா கோப்பை உங்களுக்குல்ல?"

"பிடிச்சு உனக்குன்னு எடுத்து வைக்கறேன்."

"எத்தனை பேரு இப்படிச் சொல்லியிருக்காங்க."

"அவங்கள்லாம் உதைச்சவங்க இல்ல."

 ஸ்டான் ஏந்திய கைகளைத் தொங்கப் போட்டான். மத்தியான பஸ்ஸில் கடற்கரைக்குக் கிளம்பினான். அந்த வாரம் பெர்னார்ட் கிர்க்பெக்குக்காக நின்றான். அடுத்த கோடையில் ஸ்டானுக்கு முட்டி வலி கண்டபோது மாவிஸ் நின்றாள், பிறகு டேரன், ஹோரஸ்கூட நின்றார். கிளப்பைப் பூட்டவில்லை, கீழ்ப்பிரிவில் தோற்றும் ஜெயித்தும் காலம் போகிறது. இப்போது எங்கள் ஊரே கிர்க்பெக்குக்காக முறை வைத்து நிற்கிறது. என் முறை வியாழக்கிழமை. கிர்க்பெக்கிலிருந்து யாரும் வந்து சரிபார்ப்பதில்லை.