ஒருபக்கத் தாளில் இரண்டு முடிவுகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத வேண்டிய அவசியமே இல்லை. என் அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் விஷயம் சாப்பாட்டு மேசையிலேயே முடிந்திருக்கும். கேட்க வாய் வரவில்லை, கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு வசதி. மற்றவர்கள் பாவம், நேராகக் கேட்டுத் தொலைக்க வேண்டும்.

கேள்வி இதுதான்: அக்கா, நீ போகப்போகிறாயா?

அக்கா ஒரு பாடநூல் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். வேறொரு ஊரில், இதைவிடப் பெரிய அச்சகத்தில், அந்தப் பிரிவுக்கே தலைமையேற்க அழைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இருவருக்குமே கல்யாணம் கூடிவராததற்கு [இந்த வாக்கியத்தை நீட்டினால் வேறு கதையாகிவிடும். வெட்டுகிறேன்.]

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

"அவள் பெட்டியைக் கீழே இறக்கியபோது வீடு" — வேண்டாம். அடுத்து வீடு விம்மும், ஜன்னல் கண்ணீர் விடும்.

"ஊரார் பிழையெல்லாம் திருத்தியவளின் வாழ்க்கையில்" — ஐயோ, கையை வெட்ட வேண்டும்.

"லேசர் பிரிண்டருக்கு ஏற்ற தாளை எப்படித் தேர்ந்தெடுப்பது?" — இது பரவாயில்லை. இதில் யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை.

இதையே பிடித்துக்கொண்டேன்.

2

தாள் எதற்கு என்றால், அக்கா திரையில் படிக்க மாட்டாள். "ஸ்க்ரீன்ல தப்பெல்லாம் குளிச்சு பவுடர் போட்டுட்டு உக்காந்திருக்கும்டா. பேப்பர்லதான் மாட்டும்" என்பாள். மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட், பக்கத்து வீட்டு 'நாய் ஜாக்கிரதை' பலகை எதையும் அவள் பேனா விட்டுவைத்ததில்லை.* அச்சகத்தில் அவளுக்குக் 'காற்புள்ளி' என்று பெயர். எந்தப் பேச்சின் நடுவிலும் வந்து நிற்பாளாம்.

(* நாய் பலகையில் பிழை இல்லை. நாய்தான் இல்லை. "இல்லாததை எழுதக் கூடாது" என்று பெரிய சண்டை.)

சனிக்கிழமை காலை இருவரும் காகிதக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பளபளவென்று ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். என் கை அதுவாகவே நீண்டது.

"இது கதை எழுதவா, கண்ணாடி பாக்கவா?" என்றாள் அக்கா.

"மேடம், படம் போட்டா அப்படியே கண்ணுல ஒத்திக்கலாம்."

"இது மை தெளிக்கிற பிரிண்டருக்கு. எங்களோடது லேசர். உள்ள சூடா ஒரு உருளை இருக்கு, மைத்தூளை உருக்கித் தாள்ல ஒட்டும். இந்தப் பளபளப்பும் சேந்து உருகி உருளையில அப்பிக்கிச்சுன்னா நீங்களா வந்து சுரண்டுவீங்க?"

கடைக்காரர் தாளை உள்ளே வைத்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. மேலடுக்கில் சொரசொரப்பாக, கனமாக ஒன்று இருந்தது. கையில் எடுத்தாலே இலக்கியவாதி ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

"அது அட்டை. பள்ளத்துல தூள் ஒட்டாது. உன் கதையில ஏற்கெனவே நிறைய ஓட்டை" என்றாள் அக்கா.

கடைசியில் அவள் எடுத்தது மறுசுழற்சித் தாள். எண்பது ஜிஎஸ்எம் கனம், கொஞ்சம் பழுப்பு, உறையில் லேசர் பிரிண்டருக்கு ஏற்றது என்று போட்டிருந்தது.

"பழைய பேப்பரை அரைச்சுச் செஞ்சதாச்சே, தூசி கொட்டி மெஷின் போயிடாதா?"

"முன்ன அப்படித்தான் இருந்துச்சு. இப்ப நல்லாவே செய்றாங்க. மத்த பேப்பருக்கு என்ன பாக்கணுமோ அதையேதான் இதுக்கும் பாக்கணும். வழவழன்னு இருக்கா, ஓரம் சுத்தமா வெட்டியிருக்கா, லேசருக்குன்னு போட்டிருக்கா. பழசுலேர்ந்து வந்ததுங்கிறதுக்காக ஒண்ணைக் குறைச்சு எடை போடாத."

நான் ஒரு நொடி அவளைப் பார்த்தேன். இது தாளைப் பற்றிய பேச்சுதானா? [கதாசிரியர் அளவுக்கு மீறி யோசிக்கிறார். தாளைப் பற்றித்தான்.]

வீட்டுக்கு வரும்வரை உறையில் இரண்டு பிழைகளை வட்டமிட்டுக்கொண்டே வந்தாள். நான் கேட்கவில்லை. கேட்க நல்ல நேரம்தான். ஆனால் கையில் கனமான கட்டு இருந்தது, மூச்சு வாங்கியது, இன்னும் என்னென்ன சாக்கு வேண்டும் உங்களுக்கு?

3

மதியம் முழுக்க எழுதினேன். கதையில் ஒரு அக்கா, பிழை திருத்துகிறவள். ஒரு தம்பி. வெளியூர் வேலை. கற்பனை எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், நாயை நுழைத்திருக்கிறேன்.

தம்பி பாத்திரம்தான் கழுத்தை அறுத்தது. எந்தக் காட்சியிலும் ஒன்றும் செய்யாமல் நிற்கிறான். தண்ணீர் குடிக்கிறான், ஜன்னலைப் பார்க்கிறான், "ம்" என்கிறான். இவனால் கதைக்கு என்ன லாபம்? ஒரே அமுக்கில் நீக்கிவிட்டேன். கதை விறுவிறுவென்று நடந்தது.

முடிவு மட்டும் வரவில்லை. முதலில் எழுதிய முடிவில் அக்கா ரயிலேறிப் போகிறாள். வாசகர்கள் கைதட்டுவார்கள். பிரிண்டரில் மிச்சமிருந்த பழைய கட்டுத் தாளில் ஒரு பிரதி அச்சிட்டுப் பார்த்தேன். பிடிக்கவில்லை, ஒருபக்கத் தாள்களோடு போட்டுவிட்டேன். (ஒருபக்கத் தாள் என்பது ஒரு பக்கம் அச்சாகி மறுபக்கம் காலியாக இருக்கும் பழைய தாள். எங்கள் வீட்டில் ஒரு அலமாரி நிறைய இருக்கிறது. நான் அவ்வளவு தோற்றிருக்கிறேன்.)

இரண்டாவது முடிவில் அக்கா வாசல்வரை போய்த் திரும்பி வந்து, உலையில் அரிசி போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை இதை எழுதி முடித்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. இப்போதுதான் புரிகிறது, அந்த அப்பாடா கதைக்காக வந்ததில்லை.

4

இங்கே நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். புதுக் கட்டைப் பிரிக்க மனம் வரவில்லை. ஒருபக்கத் தாள்களை மாட்டினேன். பழைய தாளைத் திரும்பப் பயன்படுத்தினால் அதுவும் மறுசுழற்சிதானே?

இல்லையாம். ஒரு முறை சூடு பட்ட தாள் லேசாக வளைந்திருக்கும். பழைய மைத்தூள் மறுபடி இளகும். முன்பக்கங்களெல்லாம் எப்படியோ தப்பித்தன. கடைசிப் பக்கம் வயிற்றில் சிக்கிக்கொண்டு பிரிண்டர் 'கிரீச்' என்றது. மூடியைத் திறந்து, மெதுவாக இழுத்து, தொடையில் வைத்து நீவி, திரும்ப மாட்டி பொத்தானை அழுத்தினேன். எங்கள் பிரிண்டரில் கீழே இருக்கும் பக்கத்தில்தான் எழுத்து விழும். எது மேல், எது கீழ் என்பதில் அதை வாங்கிய நாள்தொட்டு எனக்குக் குழப்பம்.

வந்ததை எல்லாவற்றுக்கும் அடியில் செருகி அக்காவின் மேசையில் வைத்துவிட்டு நடைக்குப் போனேன். நடை என்பது கௌரவமான சொல். ஓடிப்போனேன்.

5

திரும்பி வந்தபோது அக்கா கடைசிப் பக்கத்தை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்திருந்தாள்.

"வா. இது என்னன்னு சொல்லு."

பார்த்தேன். நேற்று அச்சிட்ட ரயில் முடிவின் மேலேயே இன்றைய அரிசி முடிவு விழுந்திருந்தது. ரயிலுக்குள் உலை கொதித்தது. 'போனாள்' மேல் 'வந்தாள்' ஏறி உட்கார்ந்திருந்தது. பக்கம் முழுக்க ஒரே கறுப்புப் புதர்.

"சாரிக்கா. தப்பான பக்கத்துல விழுந்துடுச்சு. வேற அடிச்சுத் தர்றேன்."

"எதை அடிப்ப?"

நான் "ம்" என்றேன்.

"நான் ரெண்டையும் படிச்சுட்டேன். வேலையே அதுதானே. ஒண்ணுல போறேன், ஒண்ணுல வர்றேன். ஓரத்துல ஒரு கேள்வி எழுதியிருக்கேன், பாரு."

பச்சை மையில் அவளுடைய சின்ன எழுத்து: தம்பி எங்கே?

"அவன் கதைக்குத் தேவைப்படலக்கா. சும்மா நின்னுட்டே இருந்தான்."

"நிக்கட்டுமே. ரெண்டு முடிவுலயும் என்னைத்தான் அங்கயும் இங்கயும் நகத்துற. நான் போனா அவன் என்ன ஆவான், இருந்தா என்ன ஆவான், ஒரு வரி இல்ல. அது தெரியாம நான் எப்படிடா முடிவு பண்றது? அவங்க கூப்பிட்ட அன்னிலேர்ந்து நீ கேப்ப, நீ கேப்பன்னு உக்காந்திருக்கேன். நீ என்னடான்னா பேப்பர் கடைக்குக் கூட்டிட்டுப் போற."

எழுத்தில் நேராகச் சொல்வதைத் தவிர்க்க எத்தனையோ வழி வைத்திருக்கிறேன், ஒன்றும் கைகொடுக்கவில்லை.

"நீ போனா எனக்குக் கஷ்டமா இருக்கும்க்கா. ரொம்பவே. யாரும் திட்டாம நான் எழுதுனதே இல்ல. ஆனா நீ எனக்காகப் போகாம இருந்தா, அதைவிடக் கஷ்டமா இருக்கும். ரெண்டும் நிஜம். போறியா?"

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "இதை எழுதறதுக்கென்ன? இதுல ஒரு தப்பும் இல்ல."

பிறகு புதுக் கட்டின் உறையைப் பிரித்தாள். சீட்டுக்கட்டைப் போலத் தாள்களை விசிறி, ஓரம் தட்டி, பிரிண்டரில் வைத்தாள். அதற்குப் பிறகு எனக்குப் பதில் சொன்னாள்.

6

சொல்ல மாட்டேன். அது அவள் எனக்குச் சொன்னது.

ஆனால் கதைக்கு முடிவு வேண்டுமே, உங்களுக்கு ஒரு தாள் எடுத்து வைத்திருக்கிறேன். பழுப்பாகத்தான் இருக்கும், குறைத்து எடை போடாதீர்கள். இரண்டு பக்கமும் காலி. எது மேல், எது கீழ் என்று என்னைக் கேட்காதீர்கள். ரயிலேற்றுங்கள், உலை வையுங்கள், நாய்கூட வாங்கிக் கொடுங்கள். உங்கள் இஷ்டம்.

தம்பியை மட்டும் விட்டுவிடாதீர்கள். எந்த ஊரில் இருந்தாலும் அக்கா கண்டுபிடித்துவிடுவாள்.