பென்சில் செல் மீட்டர்

தானே புயல் அடித்து இருபது நாள் கழித்துத்தான் செம்மங்குப்பத்துக்குக் கரண்ட் வரும் என்றார்கள். அதற்குள் வயரிங் வேலை பார்க்கும் ஜெயராணியின், கரண்ட் பாய்கிறதா என்று அளந்து காட்டும் கைமீட்டரில் பேட்டரி தீர்ந்துவிட்டது. விரல்நுனி அளவுள்ள அந்தப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி கடலூரில் இல்லை. சிதம்பரத்தில் மூன்று மடங்கு விலை. ஒன்றரை வோல்ட் பென்சில் செல்லோ பெட்டிக்கடையிலேயே மலிவாகக் கிடைத்தது.

எட்டு செல்லை வரிசையாகச் சேர்த்து ஒரு சோப்பு டப்பாவில் அடைத்தாள். மீட்டரின் மூடியில் துளை போட்டு, டப்பாவிலிருந்து வந்த இரண்டு ஒயரை உள்ளே பற்றவைத்தாள்.

"நல்லா இருந்த மீட்டர ஏன் ஓட்ட போடுற?" என்றான் கணவன் அன்பரசு.

"புது பேட்டரி வர்ற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு உக்காரச் சொல்றியா?"

திரையில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு செல் தலைகீழாக இருந்தன. திருப்பிப் போட்டதும் எண்கள் வந்தன.

மறுநாள் கரண்ட் வந்தது. வயரிங்கைப் பார்க்கச் சொல்லி முதலில் கூப்பிட்டவள் எதிர்வீட்டுத் தைலம்மாள். மழையில் ஊறிய சுவர். ஜெயராணி மீட்டரின் ஒரு முனையை ஈரத் தரையிலும் மறுமுனையை ஜன்னல் கம்பியிலும் வைத்தாள். நூற்றுத் தொண்ணூறு வோல்ட் காட்டியது. தைலம்மாள் அந்தக் கம்பியைப் பிடிக்கக் கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்த, தொடாதீங்க!" என்று கத்திவிட்டு ஓடிப்போய் மெயினை அணைத்தாள்.

சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் பதினோரு வீடு பார்த்தாள். இன்னும் இரண்டு வீட்டில் மெயினைப் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.